படத்தில் என் கழுத்து அழகாக இருக்கிறது

என் வாயை இன்னொரு மனிதர் முகர்ந்து பார்த்தார். உனக்கு என்ன நோய், எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் அங்கிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். ஸ்கேனும் ஆபரேஷனும் அதற்குப் பிறகு வந்தவை.

என் பெயர் செல்வின். திருநெல்வேலியில் புறப்பட்டு நாங்குநேரி, திசையன்விளை வழியாக உவரி வரைக்கும் போய்த் திரும்பும் தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநராக இருந்தேன். வீடு பாளையங்கோட்டையில். மனைவி கிரேஸ் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஐம்பது வயதைத் தாண்டியும் காய்ச்சல், சளி தவிர எனக்கு எதுவும் வந்ததில்லை. மதுவை நாக்கில் வைத்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைச் சொல்ல வேண்டிவந்ததே எனக்குக் கேவலமாக இருக்கிறது.

அன்றைக்குத் திசையன்விளையில் வண்டி நின்றபோது முதலாளி அண்ணாச்சி கீழே காத்திருந்தார். நடத்துநர் குடித்துவிட்டு வருகிறான், சில்லறையைப் பெண்கள் மடியில் கொட்டுகிறான், ஆட்கள் மேல் விழுகிறான் என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் குடித்ததைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. எல்லாருக்கும் எதிரில் என்னைக் கீழே இறக்கினார்.

"வாயத் தொறந்து ஊதும் வே," என்றார்.

ஊதினேன். முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து மூக்கை விரித்து இழுத்தார். அவருடைய வெற்றிலை எச்சில் வாடை என் தொண்டை வரை வந்தது. அவருக்கு என்னிடமிருந்து இட்லியும் மிளகாய்ப்பொடியும்தான் கிடைத்திருக்கும். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. வாடை வராத சரக்கெல்லாம் இப்போது கிடைக்கிறது என்று சன்னலில் இருந்து ஒருவன் சொன்னான். சிரிப்புச் சத்தம் கேட்டது. தினமும் என்னிடம் டிக்கெட் வாங்குகிற ஆட்கள் அவர்கள்.

ஓட்டுநர் சுடலைமுத்து இருக்கையை விட்டு இறங்கி வந்தான். என்னோடு பல வருஷம் ஓடியவன். "அண்ணாச்சி, இவரு குடிக்க ஆளு கிடையாது. நானும் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். இவரு ஒரு பக்கம் போறாரு, காலு ஒரு பக்கம் போவுது. இது ஏதோ வியாதி. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க," என்றான்.

முதலாளி என் தோளிலிருந்து பையைத் தானே கழற்றினார். நான் பயணிகளோடு பயணியாக உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன்.

உண்மையில் வியாதி அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது. முதலில் விரல்கள். பையில் கைவிட்டால் எது ஒரு ரூபாய், எது இரண்டு ரூபாய் என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அது போயிற்று. கையுறை மாட்டிக்கொண்டு தொடுவது போல இருந்தது. டிக்கெட்டைக் கிழித்தால் இரண்டு மூன்று சேர்ந்து வரும். பிறகு சட்டைப் பொத்தான். கிரேஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவது போல எனக்கும் போட்டுவிட ஆரம்பித்தாள். பிறகு கால். ஒருநாள் நாங்குநேரியில் இறங்கி ஏறினேன். வண்டி நகர்ந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. அது கழன்று விழுந்தது பாதத்துக்குத் தெரியவே இல்லை. கடைசியில் மூத்திரம். வருகிறது என்று தெரிந்தால் அடுத்த நிறுத்தம் வரை தாங்காது. கறுப்புக் கால்சட்டையாக இரண்டு தைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைப்பற்றி எழுதக் கை கூசுகிறது.

பக்கத்துக் கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஊசி போட்டார்கள். சிவப்பு மருந்து. ஊசி போட்டால் சிறுநீர் நிறம் மாறும், வேறொன்றும் மாறாது. சர்க்கரையால் இருக்கும் என்றார் இன்னொருவர். சோதித்ததில் சர்க்கரை லேசாக இருந்தது. ஆக, பேர் கிடைத்துவிட்டது, மாத்திரையும் கிடைத்துவிட்டது.

கிரேஸின் தம்பி ஜெயசிங் நல்லவன். ஆனால் உலகத்தில் உள்ள எல்லா வைத்தியத்தையும் கைப்பேசியில் பார்த்து வைத்திருப்பவன். அவன் என்னை ஒரு வர்மக்காரரிடம் கூட்டிப்போனான். ஊர்ப் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். ஓலைக் கொட்டகை, வாசலில் கார்கள். என்னைத் தரையில் உட்காரவைத்து, முந்தின ஆளின் கழுத்துக்குப் போட்ட அதே எண்ணெய்க் கையோடு என் தாடையைப் பிடித்தார். நகக்கண்ணில் அழுக்கு. மூச்சை விடச் சொல்லிவிட்டுத் திருப்பினார். கழுத்திலிருந்து முதுகு வழியாக இரண்டு கால் வரைக்கும் கரண்ட் பாய்ந்தது. நான் கத்தினேன். "அடைப்பு ஒடஞ்சிட்டு, இன்னும் ரெண்டு தடவை வந்தாப் போதும்," என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கிரேஸ் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தும் அந்த எண்ணெய் வாடை போகவில்லை. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் முழங்கால் மடிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேன். காத்திருக்கும் அறையில் எல்லாரும் தங்கள் நோயை அடுத்தவர் நோயோடு அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் என் நடையைப் பார்த்துவிட்டு, பக்கவாதமா என்று கேட்டார். இல்லை என்றதும் ஏமாந்துபோனது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே அந்தக் குழாய்க்குள் தலைமாட்டில் யாரோ தகரத்தை அடிப்பது போன்ற சத்தம். அசையக்கூடாது என்றார்கள். அசைவதற்கு என்னிடம் என்ன இருந்தது?

அறிக்கையில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. சுருக்கமாக ஓ.பி.எல்.எல். என்பார்கள். எனக்குப் பிறகு புரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன், எனக்குத்தான் யாரும் முதலில் சொல்லவில்லை. கழுத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கின் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு நார்ப்பட்டை ஒட்டி ஓடுகிறது. அதற்கும் பின்னால்தான் தண்டுவடம், அதாவது மூளையிலிருந்து கைகால்களுக்குப் போகிற நரம்புக் கொத்து. நார்ப்பட்டை எல்லாருக்கும் நாடா போல வளையும். சிலருக்கு மட்டும் அது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறித் தடித்து, பின்னால் இருக்கும் தண்டுவடத்தை அழுத்துகிறது. ஏன் மாறுகிறது என்று கேட்டால் பரம்பரை, சர்க்கரை என்று ஏதேதோ சொல்கிறார்கள். முழுசாக யாருக்கும் தெரியாது. வலி பெரிதாக இருக்காது. அதுதான் இதன் அயோக்கியத்தனம். வலித்திருந்தால் ஆறு மாதம் முன்னாலேயே ஓடியிருப்பேன்.

முதலில் பார்த்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பேர்பெற்றவர் என்றார்கள். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அரைநாள் காத்திருந்து உள்ளே போனோம். படங்களை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், ஜெயசிங்கைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. பின்கழுத்தைத் திறந்து அந்தப் பக்கத்து எலும்பை எடுத்துவிட்டால் அழுத்தம் போய்விடும், பழையபடி வேலைக்குப் போகலாம் என்று ஜெயசிங்கிடம் சொன்னார். கிரேஸ் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அடுத்த ஆளை அழைக்கும் மணி அடித்துவிட்டது. அந்த அறையில் நான் ஒரு கழுத்து. கழுத்துக்கு மேலே ஒரு தலை இருப்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பழையபடி என்ற ஒரு வார்த்தை போதும், அவர் என்னைப் பார்க்காவிட்டால் என்ன என்றுதான் வண்டியில் வரும்போது நினைத்தேன். கிரேஸ்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒன்னாங்கிளாஸ் பிள்ளை நோட்டக்கூட நான் தொறந்து பாக்காம மார்க் போட மாட்டேன். அவரு படத்தைத் தொறக்கவே இல்லை. இன்னொருத்தர்ட்ட காட்டாம நான் சம்மதிக்க மாட்டேன்," என்றாள்.

அப்படித்தான் வேறொரு மருத்துவமனையில் கழுத்து ஆபரேஷன் செய்கிற ஒரு மருத்துவர் அம்மாவிடம் போனோம். என்னைவிடச் சின்ன வயது. சிரிக்க மாட்டார். காலணியைக் கழற்றச் சொல்லி, கோட்டின்மேல் நடப்பது போல ஒரு காலுக்கு முன் ஒரு கால் வைத்து நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே சுவரைப் பிடித்தேன். சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் எகிறிப் போய் அவர் மேசையை உதைத்தது. வெட்கமாகிவிட்டது. தண்டுவடம் நசுங்கினால் அப்படித்தான் துள்ளும் என்றார்.

பிறகு, இத்தனை பேர் பார்த்தும் யாரும் எடுக்கச் சொல்லாத ஒன்றை எடுக்கச் சொன்னார். சாதாரண எக்ஸ்ரே. நின்றபடி பக்கவாட்டில் ஒன்று, குனிந்து ஒன்று, அண்ணாந்து ஒன்று. கூடவே, எலும்பு தெளிவாகத் தெரிய ஒரு சி.டி. ஸ்கேனும். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவைத்து, பென்சிலால் கழுத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டார்.

"உங்க கழுத்து இப்படி முன்னால பார்த்து வளைஞ்சு இருக்கணும், வில் மாதிரி. அப்படி இருந்தா பின்னால திறந்துவிட்டதும் தண்டுவடம் தானாப் பின்பக்கம் நகர்ந்து, முன்னாலருந்து அழுத்துற அந்த எலும்பை விட்டு விலகிடும். உங்களுக்கு வளைவு போயிடுச்சு. கழுத்து முன்பக்கமாச் சரிஞ்சிருக்கு. எலும்பு இந்தக் கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது. பின்னால மட்டும் திறந்தா, தண்டுவடம் கொடியில போட்ட துணி மாதிரி அந்த எலும்பு மேலயே கிடக்கும். நாள் ஆக ஆகக் கழுத்து இன்னும் சரியும்."

அப்படியென்றால் என்ன செய்வது என்று கிரேஸ் கேட்டாள். முன்பக்கமாகத் தொண்டை வழியாகப் போய் அந்த எலும்பையே எடுக்கலாம், ஆனால் எனக்கு அது நீளமாக இறங்கியிருக்கிறது, தண்டுவட உறையோடு ஒட்டியும் இருக்கிறது, கிழிந்தால் நீர் கசியும், குரலும் விழுங்குவதும் கெடலாம் என்றார். அண்ணாந்த படத்தில் என் கழுத்து கொஞ்சம் வளைந்து கொடுத்ததால் இன்னொரு வழி இருந்தது. பின்பக்கம் திறப்பது, கூடவே கழுத்தை நிமிர்த்தி, திருகாணியும் கம்பியும் வைத்து அந்த நிலையிலேயே நிறுத்திவிடுவது. அதன் பிறகு குனியவோ திரும்பவோ பழையபடி முடியாது. கொஞ்சப் பேருக்குத் தோளைத் தூக்குகிற நரம்பு சிலகாலம் சோர்ந்துபோகும் என்பதையும் அப்போதே சொன்னார்.

"கை சரியாயிருமா?" என்று கேட்டேன். அவரிடம் நான் நேராகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஸ்கேனில் தண்டுவடத்துக்குள் இருந்த ஒரு வெள்ளைத் தழும்பைக் காட்டினார். "நடை தேறும்னு நினைக்கிறேன். கையைப் பத்தி வாக்குக் கொடுக்க மாட்டேன். போனதை எடுத்துக் கொடுக்குற ஆபரேஷன் இல்லை இது. மிச்சம் இருக்கிறது போகாம நிறுத்துற ஆபரேஷன்."

எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. அந்த முதல் ஆளைப் போலப் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு என்றுதான் நினைத்தேன். கிரேஸ் வெளியே வந்ததும், இங்கேதான் என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒருவன் வந்து பின்மண்டையைச் சிரைத்தான். தண்ணீர் தொட்டு வழிக்கும்போது மற்றொரு நோயாளியோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். முடி சட்டைக்குள் போய் முதுகெல்லாம் அரித்தது. சொறிவதற்கு எனக்குக் கையில்லை. கையெழுத்துக் கேட்டார்கள். இறந்துபோகலாம், கைகால் விழுந்துபோகலாம் என்று எழுதியிருந்த தாளில் நான் போட்ட கையெழுத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

மயக்கம் தெளிந்தபோது முதலில் தெரிந்தது என் வாடை. ரத்தமும் மருந்தும் வியர்வையும் கலந்து ஏதோ கெட்டுப்போன பண்டம் போல. தொண்டையில் முள். கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டை. கால் விரலை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டினேன். கிரேஸ் அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கூரையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

வார்டில் இருந்த நாட்களைப் பற்றிப் பலபேர் நெகிழ்ந்து சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. என்னை உருட்டித் துடைத்தார்கள். எதற்குத் துடைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டிலில் காலருகே உட்கார்ந்து, அதைத் தாங்களே உரித்துத் தின்றுகொண்டு, இதே ஆபரேஷனில் படுத்த படுக்கையான ஒருவரின் கதையைச் சொன்னார்கள். அவர்கள் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கும், தலையைத் திருப்பி முகத்தைப் பார்க்கக்கூட முடியாது. எங்கள் சபைக் குருவானவர் வந்து ஜெபித்தார். ஜெபம் நன்றாகத்தான் இருந்தது. கூட வந்தவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். வெளிச்சம் சரியில்லை என்று விளக்கைப் போட்டார். மூத்திரப்பை தொங்குகிற பக்கம் நின்று எடுத்தார்.

கழுத்துப் பட்டைக்குள் வியர்த்து, புளித்த மாவு வாடை வந்தது. கிரேஸ் ஈரத்துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டுத் துடைப்பாள். முகத்தைச் சுளிக்க மாட்டாள். அவள் சுளிக்காதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருநாள், உனக்கு அருவருப்பாக இல்லையா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் தினமும் எத்தனை மூக்கைத் துடைக்கிறேன், போங்கள் என்றாள்.

ஒரு மதியம் சுடலைமுத்து வந்தான். டிரிப் முடித்துக் காக்கிச் சட்டையோடேயே வந்திருந்தான். என் தாடியைப் பார்த்தான், கீழே போய் ஒரு சவரக்கத்தியும் சோப்பும் வாங்கிவந்தான். பட்டைக்கு மேலே தெரிந்த முகத்தை மட்டும் பைய வழித்துவிட்டான். "இப்பம் மனுசன் மாதிரி இருக்கேரு," என்றான். வழித்த சோப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். அந்த மருத்துவமனையில் எனக்குக் கூசாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

கை விழுந்தது அதற்குப் பிறகு. கிரேஸ் தம்ளரை நீட்டினாள். இடது கையைத் தூக்கினேன். முழங்கை மடங்கவில்லை, தோள் எழவில்லை. தலையணைமேல் அது யாருடைய கையோ போலக் கிடந்தது. ஆபரேஷனுக்குப் போகும்போது பொத்தான் போடாத கை என்றாலும் தூக்க முடிந்த கை.

ஜெயசிங் வார்டு அதிரக் கத்தினான். நடந்து வந்த மனுஷனை முடமாக்கிவிட்டார்கள் என்று கைப்பேசியைத் தூக்கி என் கையைப் படம் எடுக்க ஆரம்பித்தான். எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தின் முகங்களில் இரக்கமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. திசையன்விளையில் பேருந்துச் சன்னல்களில் பார்த்த அதே முகங்கள்.

"லே, போனை உள்ள வை," என்றேன். குரல் கரகரத்துத்தான் வந்தது. "அந்த அம்மா முன்னாலயே சொல்லிச்சு. நீ கூட்டிட்டுப் போனியே ஒரு வர்மக்காரன்கிட்ட, அவன் எதையாவது சொன்னானா?"

அவன் வெளியே போய்விட்டான். பாவம், அவன் கேட்டிருக்கக்கூடாத வார்த்தைதான். ஆனால் அப்போது எனக்குப் பாவம் பார்க்கிற மனம் இல்லை.

மருத்துவர் அம்மா வந்து கையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டு இல்லை, கம்பி சரியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். சொன்ன அந்த நரம்புதான், தண்டுவடம் பின்னால் நகரும்போது அது இழுபடும் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் திரும்பும், மாதக்கணக்கு ஆகும் என்றார். திரும்பாவிட்டால் என்று கேட்டேன். திரும்பாவிட்டால் திரும்பாததுதான் என்றார். அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று செவிலிப் பெண் ஒருத்தி பிறகு சொன்னாள். அதற்காக எனக்கு அவரைப் பிடித்துவிடவில்லை. ஆனால் நம்பினேன். இரண்டும் வேறுவேறு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நடை வந்துவிட்டது. முதலில் கம்பை ஊன்றி, இப்போது கம்பில்லாமல். மூத்திரம் சொன்னபடி கேட்கிறது. இடது கை தலை வாருகிற உயரம் வரை எழுகிறது. விரல்கள் மட்டும் அப்படியேதான். சோற்றைப் பிசைந்து தின்கிறேன், பொத்தானை இன்னும் கிரேஸ்தான் போடுகிறாள். சில்லறை எண்ணுகிற வேலைக்கு இனி நான் இல்லை. முதலாளி ஒருமுறை பழக்கூடையோடு வந்து போனார். திருநெல்வேலியில் வண்டி எடுக்கும் நேரத்தைச் சொல்லிவிடுகிற வேலைக்கு வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார். முகர்ந்து பார்த்ததைப் பற்றி அவர் பேசவில்லை. பழம் நல்ல பழம். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது மருத்துவர் அம்மா என் எக்ஸ்ரேயைக் கணினியில் காட்டினார். இரண்டு வரிசைத் திருகாணி, கம்பி, அதில் என் கழுத்து அவர் சொன்ன வில் போலவே வளைந்து நின்றது. படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அருமையான கழுத்து என்று ஒரு பையன் ஆங்கிலத்தில் சொன்னான். படத்தில் என் கழுத்து அழகாகத்தான் இருந்தது. அதற்குச் சொந்தக்காரன் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மா மட்டும் படத்தை மூடிவிட்டு என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "முன்னாடியே வந்திருக்கணும்," என்றார். யாரைத் திட்டுகிறார் என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது சிவப்பு ஊசியும் எண்ணெய்க் கையும்தான்.

சபையில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று குருவானவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மரணப் படுக்கையிலிருந்து கர்த்தர் எழுப்பினார் என்று. மறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயரைக் கூப்பிட்டே விட்டார். முன்னால் போய் நின்றேன். திரும்ப முடியாத கழுத்தோடு எல்லாரையும் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பித் திரும்பிச் சொன்னேன். நான் குணமாகவில்லை. நோய் மேலே போகாமல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குத் தேவனுக்கு ஸ்தோத்திரம். உங்களில் யாருக்காவது பொத்தான் போட விரல் வரவில்லையென்றால், செருப்புக் கழன்றது தெரியவில்லையென்றால், வலிக்கவில்லையே என்று இருக்காதீர்கள். கழுத்தை ஸ்கேன் எடுங்கள். உங்கள் கழுத்தில் எவனையும் கைவைக்க விடாதீர்கள். படத்தைத் திறந்து பார்க்காத டாக்டரிடம் படுக்காதீர்கள். மூத்திரத்தைப் பற்றியும் சொன்னேன். முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குருவானவர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது பாடகர் குழுவில் பாடுகிற ரூபி வந்தாள். நாற்பது வயது இருக்கும். கணவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார், அவள் போகவில்லை.

"அண்ணே, எனக்குப் பாட்டுப் புஸ்தகத்துல பக்கம் பிரிக்க முடிய மாட்டேங்கு. ரெண்டு மூணு பக்கமா ஒட்டிட்டு வருது. பக்கத்துல நிக்கிறவா பிரிச்சுத் தாரா. இவுக சோம்பேறித்தனம்ங்காக," என்றாள்.

அந்த வாரமே அவளுக்கு ஸ்கேன் எடுக்கவைத்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் கிரேஸும் அவளையும் அவள் கணவரையும் கூட்டிக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போனோம். அந்த வாடை, அந்த நாற்காலிகள், அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்க்கிற அதே மனிதர்கள். ரூபியின் ஸ்கேன் உறை கிரேஸின் மடியில் இருந்தது. அறிக்கையில் அதே நீளமான ஆங்கிலப் பெயர்தான்; வார்த்தைகள் எனக்கு மனப்பாடம், முழுக்க வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஆபரேஷன் பண்ணுனா பழையபடி ஆயிருமாண்ணே?" என்று ரூபி கேட்டாள்.

ஆகிவிடும் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவள் முகம் அப்படி இருந்தது. நான் எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி, தாழ்வாரத்தின் அந்தக் கடைசியில் இருந்த தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்தேன். அங்கேயே உடம்பைத் திருப்பி, எதையும் பிடிக்காமல் அவள் இருந்த இடத்துக்கு நடந்து வந்தேன். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இவ்வளவுதாம்மா கிடைக்கும்," என்றேன். "இது போதும்னா உள்ள போவோம்."

ரூபி என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தாள். அவளுக்கு முன்னால் அவள் கணவர் எழுந்து நின்று, உறையைக் கிரேஸிடமிருந்து வாங்கிக்கொண்டார்.